காய்ந்துபோன ஸ்கெட்ச் பேனா, லைனர், மார்க்கரை மறுபடி எழுதவைப்பது: முழு வழிகாட்டி

வாரக் கடைசியில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தருகிறேன். வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டும்போது மூடி கழன்ற பேனா நாலைந்தாவது கிடைக்கும். அவற்றைச் சேர்த்துவைத்து மாதம் ஒருமுறை உட்கார்ந்து சரிசெய்வது வழக்கமாகிவிட்டது. கூட உதவிக்கு வரும் பெற்றோரும் பெரிய பிள்ளைகளும் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பேனா எழுதவில்லை என்றதும் பின்பக்கத்தைத் திறந்து கையில் கிடைத்ததை ஊற்றிவிடுகிறார்கள்.

ஸ்கெட்ச் பேனாவும் மார்க்கரும் விளக்குத் திரி மாதிரிதான் வேலை செய்கின்றன. உள்ளே ஒரு பஞ்சு உருளை, அதில் மை. முன்னால் கெட்டியான நார் முனை, அந்த நார்களின் இடுக்கு வழியே மை தானாக ஏறி வரும். மூடி திறந்து கிடந்தால் மையிலுள்ள தண்ணீரோ ஆல்கஹாலோ ஆவியாகி, சாயம் மட்டும் முனையில் இறுகி உட்கார்ந்துவிடும். நுனியில் கரி பிடித்த திரிக்கு எத்தனை எண்ணெய் ஊற்றினாலும் எரியாது, முதலில் கரியைத் தட்டவேண்டும். பேனாவுக்கும் அதே வரிசைதான்: மை எது, காய்ந்தது எங்கே, முதலில் முனை, கடைசியில்தான் பஞ்சு.

1. எந்த மை என்று கண்டுபிடியுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். தண்ணீர் மைக்கு ஆல்கஹால் ஊற்றினாலும், ஆல்கஹால் மைக்குத் தண்ணீர் ஊற்றினாலும் சாயம் உள்ளேயே திரிந்து கட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு, அப்படிக் கட்டிய பேனாவை நான் ஒருமுறைகூடத் திரும்ப எழுதவைத்ததில்லை.

அதே பேனாவால் முன்பு எழுதிய ஒரு தாளைத் தேடி எடுங்கள். எழுத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் பாருங்கள். நிறம் கரைந்து பரவினால் அது தண்ணீர் மை. பள்ளிப் பிள்ளைகளின் ஸ்கெட்ச் பேனாக்கள், ஸ்டேபிலோ பாயிண்ட் 88 போன்ற வண்ண ஃபைன்லைனர்கள் இந்த வகை.

தண்ணீருக்கு அசையவில்லை என்றால், வேறொரு இடத்தில் ஒரு சொட்டு ஆல்கஹால் (எந்த ஆல்கஹால் என்று 2-ஆம் படியில் இருக்கிறது). அதில் பரவினால் ஆல்கஹால் மை: பெர்மனென்ட் மார்க்கர், சிடி மார்க்கர் எல்லாம் இதில் வரும். மூடியைத் திறந்தால் ஸ்பிரிட் வாடை வருவதும் ஒரு அடையாளம், ஆனால் நன்றாகக் காய்ந்த பேனாவில் வாடையும் போயிருக்கும் என்பதால் மூக்கை மட்டும் நம்பவேண்டாம். போர்டு மார்க்கருக்குச் சோதனையே தேவையில்லை, கடையில் சாதாரணமாகக் கிடைப்பவை ஆல்கஹால் மைதான்.

இரண்டுக்கும் அசையாத கறுப்புக் கோடு பிக்மென்ட் மை. பிக்மா மைக்ரான் போன்ற மெல்லிய ஓவிய லைனர்களில் இருப்பது இதுதான். இதற்கு 6-ஆம் படியில் தனியாகச் சொல்கிறேன், அதுவரை அந்தப் பேனாவை எதிலும் நனைக்காமல் ஓரமாக வையுங்கள்.

பழைய தாள் கிடைக்கவில்லையா? முனையை வெள்ளை டிஷ்யூவில் அழுத்தி, ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். அரை நிமிடத்தில் நிறம் இறங்கினால் தண்ணீர் மை, இல்லையென்றால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு ஆல்கஹால்.

2. தொடங்கும் முன் மேசையில் இருக்கவேண்டியவை

டிஸ்டில்டு வாட்டர். பேட்டரி கடையிலும் பெட்ரோல் பங்கிலும் கிடைக்கும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள உப்பு காய்ந்ததும் முனையின் இடுக்கிலேயே படிந்துவிடும். உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி என்று தெரிய, எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு விட்டுக் காயவிடுங்கள். வெள்ளை வளையம் விழுந்தால் அந்தத் தண்ணீர் பேனாவுக்கு ஆகாது. ஆர்ஓ தண்ணீர் பரவாயில்லை.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம். மொபைல் சர்வீஸ் கடைக்காரர்கள் போனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டைக் கழுவ வைத்திருக்கும் ஐபிஏ இதுதான், சென்னையில் ரிச்சி தெருப் பக்கம் கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். மருந்துக் கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் அவசரத்துக்கு ஆகும், ஆனால் சில வகைகளில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு ஆவியான பிறகு விரலால் தடவுங்கள், பிசுபிசுப்பு இருந்தால் அதைத் தொடாதீர்கள், எண்ணெய் முனையை அடைத்துவிடும்.

1 மில்லி சிரிஞ்ச் ஒன்று. ஏன் சொட்டுக் கணக்கில் சொல்லாமல் மில்லியில் சொல்கிறேன் என்றால், ஆல்கஹால் சொட்டு தண்ணீர்ச் சொட்டைவிடச் சின்னது, கண்ணால் எண்ணி ஊற்றினால் இரண்டும் ஒரே அளவு வராது. ஊசி பொருத்திய சிரிஞ்சைப் பெரியவர்கள் மட்டும் கையாளுங்கள், வேலை முடிந்ததும் ஊசியை மூடியிட்டு உடனே அப்புறப்படுத்துங்கள். ஊசி இல்லாமலும் சொட்டுச் சொட்டாக விடலாம், கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

இவற்றோடு டிஷ்யூ பேப்பர், புருவம் எடுக்கும் சின்ன இடுக்கி, பாட்டில் மூடிகள் நாலு, வழவழப்பான வெள்ளைத் தாள், பழைய செய்தித்தாள்.

ஒரு எச்சரிக்கை, இதைக் கட்டாயம் படியுங்கள்: ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலின் ஆவி சாதாரண அறை வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும். சமையலறையில், விளக்கு எரியும் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில், கொசுவர்த்தி வைத்த இடத்தில் செய்யாதீர்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

3. காய்ந்தது முனையிலா, பஞ்சிலா?

பேனாவின் பின்மூடியை மெல்ல நெம்பிக் கழற்றுங்கள், வரவில்லை என்றால் இடுக்கிக்குத் துணி சுற்றித் திருகுங்கள். உள்ளே தெரியும் பஞ்சின் முனையில் டிஷ்யூவை ஐந்து விநாடி வைத்து எடுங்கள்.

டிஷ்யூவில் ஈரமாக, அடர்த்தியாக நிறம் ஒட்டினால் மை இருக்கிறது, அடைப்பு முனையில்தான். பின்மூடியைத் திரும்பப் பொருத்திவிடுங்கள், பஞ்சை மறந்துவிடுங்கள். மூடி தொலைந்து ஒன்றிரண்டு நாள் கிடந்த பேனாக்களில் பெரும்பாலும் இதுதான் நிலைமை, அதனால்தான் எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றுவதை இவ்வளவு தூரம் எதிர்க்கிறேன். நல்ல மை நிறைந்த பஞ்சில் தண்ணீரை ஊற்றி அடர் நீலத்தை வெளிர் நீலமாக்கிக்கொண்டு, அடைப்பு அப்படியே இருக்கும்.

நிறம் ஒட்டியும் ஒட்டாமலும் வறட்சியாக இருந்தால் பஞ்சும் காய்ந்திருக்கிறது. அப்போதும் முனைதான் முதலில்.

நிறமே இல்லை, பஞ்சு வெளுத்துக் கிடக்கிறது என்றால் மை தீர்ந்துபோய்விட்டது. காய்ந்த பேனா வேறு, தீர்ந்த பேனா வேறு. தீர்ந்ததை எந்தத் திரவமும் மீட்காது. பிள்ளைகளின் டப்பாவில் எப்போதும் கறுப்பும் தோல் நிறமும்தான் முதலில் இப்படிப் போகும், அவற்றோடு மல்லுக்கட்டி நேரத்தை விடாதீர்கள்.

4. தண்ணீர் மை: ஸ்கெட்ச் பேனா, வண்ண ஃபைன்லைனர்

பாட்டில் மூடியில் கை பொறுக்கும் சூட்டில் டிஸ்டில்டு வாட்டர் எடுத்து, முனை மட்டும் நனையும்படி பேனாவைச் சாய்த்து வையுங்கள். ஸ்கெட்ச் பேனாவுக்கு ஒரு நிமிடம், மெல்லிய ஃபைன்லைனருக்கு 20 விநாடி. சூடு எதற்கு என்றால் இறுகிய சாயம் வெதுவெதுப்பில் சீக்கிரம் கரையும். கொதிக்கும் நீர் மட்டும் வேண்டாம், முனையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் நெகிழ்ந்து முனை உள்ளே போய்விடும்.

ஒவ்வொரு நிறத்துக்கும் தனி மூடி, தனித் தண்ணீர். முனை திரி போலத்தானே, வெளியே இருப்பதையும் உள்ளே இழுக்கும். சிவப்பு நனைத்த தண்ணீரில் மஞ்சளை வைத்தால் மஞ்சள் அன்றோடு போச்சு, இதைச் சொல்லியும் மறந்துபோய் ஆரஞ்சு நிறமாக்கிக்கொண்டவர்கள் எங்கள் வகுப்பிலேயே உண்டு.

அப்புறம் டிஷ்யூவில் முனையைப் பத்து விநாடி நிமிர்த்திப் பிடியுங்கள். தேய்க்காமல் ஒற்றுங்கள். முதலில் வெளிறிய கறை வரும், அது நாம் விட்ட தண்ணீர். பிறகு நிறம் அடர்ந்து வந்தால் உள்ளிருந்து மை இறங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே மூடியைப் போட்டு, முனை கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் இரவு முழுக்க நிறுத்திவையுங்கள்.

இந்த இரவுதான் பலருக்குப் பொறுக்கவில்லை. நனைத்த உடனே தாளில் அழுத்தி அழுத்திக் கிறுக்குகிறார்கள். ஈரத்தில் ஊறிய நார் முனை மென்மையாக இருக்கும், அந்த நேரத்தில் அழுத்தினால் தூரிகை மாதிரி விரிந்துபோகும், பிறகு மை எவ்வளவு வந்தாலும் மெல்லிய கோடு வராது. கரைந்த சாயம் முனை முழுக்கப் பரவி மையோடு சேர நேரம் வேண்டும், அதை அழுத்திப் பெறமுடியாது.

காலையில் வழவழப்பான தாளில் பேனாவின் சொந்த எடையில் ஒரு கோடு. வந்ததா, சரி, வேலை முடிந்தது. திட்டுத்திட்டாக வந்தால் இதே படியை இன்னொரு முறை. இரண்டு முறைக்குப் பிறகும் வரவில்லை என்றால்தான் பஞ்சு.

பஞ்சுக்கு: பின்மூடியைக் கழற்றி, சிரிஞ்சில் 0.2 மில்லி டிஸ்டில்டு வாட்டர் எடுத்து, ஊசியைப் பஞ்சின் நடுவில் ஒரு சென்டிமீட்டர் இறக்கி மெதுவாக விடுங்கள். மேலே விட்டால் தண்ணீர் ஓரமாக வழிந்து பஞ்சுக்கும் பேனாவின் உடலுக்கும் நடுவில் தேங்கி, மூடியைத் திறக்கும்போது கையில் கொட்டும். மூடிவிட்டு முனை கீழாக ஒரு நாள். போதவில்லை என்றால் இன்னொரு 0.2. மொத்தம் அரை மில்லிக்கு மேல் நான் போவதில்லை, அதற்குமேல் நிறம் கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது.

இப்படித் தண்ணீர் சேர்த்த பேனாவை மாதக்கணக்கில் சேமிக்காதீர்கள். மையில் பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சேர்த்திருக்கும் மருந்தும் நம் தண்ணீரால் நீர்த்துப்போயிருக்கும். மூடியின் மேல் தேதி எழுதி ஒட்டி, முதலில் அதைக் காலிசெய்யச் சொல்லுங்கள்.

5. ஆல்கஹால் மை: பெர்மனென்ட் மார்க்கர், போர்டு மார்க்கர்

வரிசை அதேதான், நேரம் மட்டும் குறைவு. ஆல்கஹால் நாருக்குள் சட்டென்று ஊறும், சட்டென்று ஆவியாகும். பாட்டில் மூடியில் சில சொட்டு ஐபிஏ விட்டு முனையை 30 விநாடி நனையுங்கள், டிஷ்யூவில் ஒற்றுங்கள், நிறம் அடர்ந்ததும் மூடியைப் போட்டுப் படுக்கவைத்து அரை மணி நேரம் விடுங்கள். மெல்லிய சிடி மார்க்கருக்கு 10 விநாடி போதும். தண்ணீர் மை பேனா போல இரவெல்லாம் காத்திருக்கவேண்டியதில்லை.

தடித்த போர்டு மார்க்கரில் இன்னொரு வசதி உண்டு. பலவற்றில் முனை நீளமான ஒரு நார்க்குச்சி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். இடுக்கியால் அசைத்து வெளியே இழுத்து, திருப்பிச் செருகினால் உள்ளே மையில் ஊறிக்கிடந்த பக்கம் முன்னால் வந்துவிடும். ஒரு சொட்டு ஆல்கஹால்கூடச் செலவில்லை. இழுக்கும் முன் விரலில் டிஷ்யூ சுற்றிக்கொள்ளுங்கள். ஆனால் உலோகக் கழுத்துக்குள் ஊசி போல முனை இருக்கும் லைனர்களில் இதைச் செய்யவே கூடாது, அந்த முனை வந்தால் திரும்பப் போகாது.

பஞ்சும் காய்ந்திருந்தால் போர்டு மார்க்கருக்கு 0.5 மில்லி ஐபிஏ, மெல்லிய மார்க்கருக்கு 0.2. பிறகு போர்டின் ஒரு மூலையில் எழுதி, ஐந்து நிமிடம் விட்டு அழித்துப் பாருங்கள். போர்டு மையில் துடைத்தால் உதிர்வதற்கென்றே ஒரு பொருள் சேர்த்திருப்பார்கள், ஆல்கஹால் அதிகமானால் அதுவும் நீர்த்து, எழுத்து போர்டில் தங்கிவிடும். அப்படித் தங்கினால் அந்த மார்க்கருக்கு இனி ஆல்கஹால் வேண்டாம், ரீஃபில் மை பாட்டில் வாங்கி ஊற்றுவதுதான் சரி. கோபிக் மாதிரி ரீஃபில் மையும் மாற்று முனையும் தனியே கிடைக்கும் விலை உயர்ந்த மார்க்கர்களுக்கும் இதையே சொல்வேன், அவற்றின் பஞ்சில் வெறும் ஆல்கஹால் விட்டு நிறத்தைக் கெடுக்கவேண்டாம்.

சானிடைசரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் வீட்டில் ஆல்கஹால் என்றதும் எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். ஜெல் சானிடைசரில் அதைக் கெட்டியாக்கும் பொருள் இருக்கிறது, அது முனையில் பசை போலப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் போன்ற சானிடைசரிலும் கிளிசரின் உண்டு, தண்ணீரும் உண்டு. இரண்டுமே வேண்டாம். நெயில் பாலிஷ் ரிமூவரிலுள்ள அசிட்டோன் சில வகைப் பிளாஸ்டிக்கையே கரைக்கும். தின்னர், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள்.

6. வாட்டர்ப்ரூஃப் கறுப்பு லைனர்

இங்கே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிக்மென்ட் என்பது கரையும் சாயம் இல்லை, மையில் மிதக்கும் நுண்ணிய துகள். காய்ந்த பிறகு தண்ணீர் பட்டாலும் அசையாது என்பதற்காகத்தான் அதை வாங்குகிறோம், அதே குணம் முனைக்குள் காயும்போது நமக்கு எதிராக நிற்கிறது.

இரவு ஒன்று மூடி திறந்து கிடந்தது என்ற அளவில் இருந்தால் வாய்ப்பு உண்டு. டிஷ்யூவை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்து, முனையை அதன்மேல் அரை நிமிடம் நிறுத்துங்கள், மூடியைப் போட்டு முனை கீழாக 24 மணி நேரம் வையுங்கள். பிறகு பேனாவைச் செங்குத்தாகப் பிடித்து மெல்ல வட்டம் வரையுங்கள். 005 என்று எழுதியிருக்கும் லைனரின் கோடு 0.2 மில்லிமீட்டர்தான், ஒரு அழுத்தலில் முனை உள்ளே போய்விடும்.

வாரக்கணக்கில் திறந்து கிடந்தது என்றால் விட்டுவிடுங்கள். உள்ளே எதையும் செலுத்தவேண்டாம், நீர்த்த பிக்மென்ட் மை வாட்டர்ப்ரூஃபாகவும் இருக்காது, மேலே வாட்டர்கலர் அடிக்கும்போது மொத்தப் படமும் கலங்கும். ஒன்று மட்டும்: அரைகுறையாகக் காய்ந்த லைனரைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் சொரசொரப்பான கோடு மரப்பட்டைக்கும் தலைமுடிக்கும் ஓலைக் கூரைக்கும் அவ்வளவு அழகாகப் பொருந்தும், நான் அப்படி ஐந்தாறு பேனாவைத் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன், புதியதைக் கொடுத்தாலும் மாற்றிக்கொள்ளமாட்டேன்.

7. ஜெல் பேனா

இதில் பஞ்சும் இல்லை, நாரும் இல்லை, முனையில் ஒரு குண்டு உருள்கிறது. அதனால் மேலே சொன்ன எதுவும் இதற்குப் பொருந்தாது.

ரீஃபிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குண்டுக்குப் பின்னால் மை தொடர்ச்சியாக இருந்தால் குண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஈர டிஷ்யூவால் முனையைத் துடைத்து, தண்ணீர் புகாத சின்ன கவரில் போட்டு வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் வைத்து, ரப்பர் செருப்பின் அடியிலோ அழிரப்பரிலோ மெல்லச் சுழற்றுங்கள். வழவழத் தாளில் குண்டு வழுக்கும், ரப்பரில் பிடித்து உருளும்.

நடுவில் காற்று இடைவெளி தெரிந்தால் ரீஃபிலைக் கைக்குட்டையின் ஒரு மூலையில் முனை வெளிப்பக்கம் இருக்கும்படி இறுக்கிக் கட்டி, வாசலில் நின்று இருபது முப்பது முறை வேகமாகச் சுழற்றுங்கள். மை முனைப்பக்கம் தள்ளப்பட்டு இடைவெளி மறையும்.

தீக்குச்சியில் காட்டுவதும், பின்பக்கம் வாய்வைத்து ஊதுவதும் வேண்டாம். நெருப்பில் பிளாஸ்டிக் உருகும், சூடான மை தெறிக்கும். ஊதினால் மைக்குப் பின்னால் காவலாக இருக்கும் நிறமற்ற வழுவழுப்பு அடுக்கு கலைந்து, மை பின்பக்கமாகக் காயத் தொடங்கும்.

8. மீட்ட பேனாவை வைக்கும் விதம்

நார் முனையால் எழுதும் ஸ்கெட்ச் பேனா, லைனர், போர்டு மார்க்கர் எல்லாவற்றையும் படுக்கவைப்பதே நல்லது. பென்சில் டப்பாவில் முனை மேலாக நிறுத்தினால் மை அடியில் இறங்கி, முனை மறுபடி வறண்டுபோகும். ஜெல் பேனா மட்டும் முனை கீழே.

மூடியின் உச்சியில் இருக்கும் ஓட்டையால்தான் காய்கிறது என்று டேப் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை மூடியை விழுங்கி அது தொண்டையில் சிக்கினாலும் மூச்சுக்காற்று போய்வரவேண்டும் என்பதற்காக வைத்த வழி அது, பிள்ளைகளுக்கான பேனா மூடிகளுக்கு ஐஎஸ்ஓ 11540 என்று தரநிலையே இருக்கிறது. முனையைக் காப்பது உள்ளே இருக்கும் இன்னொரு சின்ன மூடி. டேப் ஒட்டாதீர்கள். பதிலாக, மூடும்போது அந்த உள்மூடி 'டக்' என்று உட்காரும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். எங்கள் வகுப்பில் இப்போது பாயைச் சுருட்டும் முன் எல்லோரும் ஒருமுறை மூடிகளை அழுத்தி அந்தச் சத்தத்தைக் கேட்கிறார்கள். உள்மூடி வெடித்திருந்தால் சத்தம் வராது, அந்த மூடியைத் தீர்ந்துபோன பேனாவின் மூடியால் மாற்றுங்கள். தீர்ந்த பேனாக்களைத் தூக்கிப் போடும் முன் மூடிகளை மட்டும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள்.